காங்கேயத்தில் தண்ணீர் விடாத வறுவல்

காலை ஆறரை மணிக்குக் கோயம்புத்தூரில் பஸ் ஏறினேன். காங்கேயம் நாற்பத்தைந்து மைல். டிக்கெட் ஒன்றரை ரூபாய். சிங்காநல்லூர் ஆலைகளைத் தாண்டியதும் பச்சை குறைந்துகொண்டே வந்தது. பல்லடத்துக்கு அப்பால் சித்திரை வெயிலும் கிளுவை வேலியும்தான். கும்பகோணத்துக்காரனான எனக்கு, கொல்லையில் ஆறு ஓடாத ஊரில் மனிதர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பதே ஆச்சரியம். பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டும்விட்டேன்.

"இருக்கறமுங்க," என்றார் அவர். வேறு விளக்கம் தரவில்லை.

நான் போனது ஒரு ஜோடிக் காளை வாங்க. பஸ்ஸை விட்டு நாலு மைல் வண்டியில் போய், பத்து மணி சுமாருக்குச் சென்னியப்பக் கவுண்டரின் தோட்டத்தில் இறங்கினேன். கிணறு வற்றிவிட்டதால், இருந்த ஒரே ஜோடியை எனக்குத் தருவதாக அவர் தரகர் மூலம் வாக்குக் கொடுத்திருந்தார். காளைகள் கட்டுத்தறியில் நின்றன. சாம்பல் பூத்த மயிலை நிறம், தலை உயரத்துக்குத் திமில். சந்நிதியில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கெணத்துல கடைசியா ஒரு வெடி வெக்கறாங்க. பாப்பம். நீங்க சாப்புட்டுப்போட்டு மாட்டை ஓட்டீட்டுப் போங்க," என்றார் கவுண்டர்.

தண்ணீர் வந்தால் இறைக்க அந்த மாடுகள் வேண்டுமே என்று நான் கேட்கவில்லை. என் ஆசை அப்படி.

பதினொன்றரை மணிக்குச் சமையலறைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் மனைவி மாராத்தாள், அரிசிம்பருப்புச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு, எனக்கென்றே சந்தையில் வாங்கிய நீலகிரி உருளைக்கிழங்கை எடுத்தார். ஈரத்துணியால் துடைத்தார், தோல் சீவிப் பொடியாக நறுக்கினார், அவ்வளவுதான். எங்கள் வீடாக இருந்தால் இதற்குள் இரண்டு குடம் தண்ணீர் ஓடியிருக்கும். கடலை எண்ணெயில் கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டுக் கிழங்கைக் கொட்டி மூடினார். அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்துவிட்டார்.

"தண்ணி தெளிக்க வேண்டாமா? அடி பிடிச்சுடுமே!" என்றேன்.

"கெழங்குக்குள்ளயே தண்ணி இருக்குதுங்க. நாமதான் அவசரப்படக் கூடாதுங்க."

மூடியைத் திறந்தபோது அதன் உட்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் அதைக் கிழங்கின் மேலேயே தட்டினார். எத்தனையோ கல்யாணச் சமையல் பார்த்தவன் நான். அந்தச் சின்னக் காரியத்தைப் பார்த்துப் பிரமித்துப் போனேன். கடைசியில் வறுத்துப் பொடித்த நிலக்கடலையைத் தூவி, அடுப்பங்கரையிலேயே எனக்கு இலை போட்டார்.

அப்போது பூமி அதிர்ந்தது. வாணலியின் மூடி துள்ளிக் கீழே விழுந்தது. மாராத்தாள் அதை எடுக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றார். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு தோட்டத்திலிருந்து ஒரே கூச்சல்.

கவுண்டர் இடுப்பளவு சேறோடு வந்து என் முன்னால் கைகூப்பினார்.

"ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்க. ஏறிக்கிட்டே இருக்குதுங்க. ஆனாலும் சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. மாடு உங்களுதுங்க."

மாராத்தாள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மனிதர்கள் இவர்கள்! மாடு வேண்டாம் என்று நான் இரக்கப்பட்டுச் சொன்னால், அந்த மனிதர் தன் வாக்கு கெட்டதாக நினைப்பார். ஆனால் மாட்டு வியாபாரத்தில் ஒரு வழி உண்டு. மாட்டின் உடம்பில் மயிர்ச்சுழி ஆகாத இடத்தில் இருந்தால், வாங்க வந்தவன் மறுக்கலாம். விற்பவர் மேல் பழி இல்லை.

"வலப்பக்கத்துக் காளைக்குச் சுழி சரியில்லே. எங்க குடும்பத்துக்கு ஆகாது," என்றேன்.

கவுண்டரின் முகம் சிவந்துவிட்டது. "எம்பட மாட்டுக்குங்களா? எங்கீங்க சுழி? காட்டுங்க பாக்கலாம்!"

எனக்குக் காட்டத் தெரியவில்லை. கழுத்துப் பக்கம், திமில் பக்கம் என்று காற்றில் கையை ஆட்டினேன். அவர் என்னையே பார்த்தார். கோபம் மெல்ல இறங்கியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாராத்தாள் வாணலியைத் தூக்கிவந்து, வறுவல் முழுவதையும் என் இலையில் கவிழ்த்தார். போதும் போதும் என்று நான் கையைக் குறுக்கே வைத்தும் கேட்கவில்லை.

"சுழி பாக்கத் தெரியாதவங்க எல்லாம் மாடு வாங்க வரலாமுங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டார்.

காவிரிக் கரையில் பிறந்தவன் நான். தண்ணீர் வந்ததற்காக ஒருவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.