பையின் அடியில் கிடந்த தண்ணீர்

லண்டனில் பனி விழுந்தால் எல்லோருக்கும் குழந்தைப் புத்தி வந்துவிடும். விம்பிள்டனில் எங்கள் தெருவே கைபேசியும் கையுமாக வெளியே நிற்கும். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். குரோய்டனில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பனியை உருக்கிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த வெள்ளைக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்தவளுக்கு அதை ரசிக்க மனம் வராது.

ஆலைகளும் வாகனங்களும் கக்கும் புகையிலுள்ள அமிலம் காற்றோடு வடக்கே போய், பனியோடு விழுந்து, குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும். பனி உருகும்போது அமிலம்தான் முந்திக்கொள்ளும். முதலில் வடிகிற கொஞ்சத் தண்ணீரிலேயே பெரும்பங்கு இறங்கிவிடும். மீன் முட்டைகள் பொரிக்கிற காலமும் அதுதான். குஞ்சுகள் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும்.

நோர்வே மலையில் ஒரு சிறிய ஏரியைப் பார்த்துக்கொள்ளும் மனிதர், குளிர்காலம் முடியும்போது எங்களுக்குப் பை நிறையப் பனி அனுப்புவார். அமிலம் கூடுதலாக இருந்தால், பனி உருகுமுன் ஏரியில் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். இல்லையென்றால் தூள் வேறு ஏரிக்குப் போய்விடும். பல வருடம் குஞ்சே காணாத அந்த ஏரியில் மிஞ்சியிருந்த சில கிழட்டு மீன்கள் போன இலையுதிர் காலத்தில் முட்டையிட்டிருந்தன. அதைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது, பேரப்பிள்ளை பிறந்தவர் போலச் சிரித்தார்.

இந்த வருடப் பனியைச் சோதித்ததில் பரிசுத்தம் என்று வந்தது. தூள் தருகிறவர்களுக்கு அறிக்கையும் போய்விட்டது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

“தண்ணி நல்லமெண்டுதானே வந்திருக்கு. பிறகேன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறீர்?” என்றார் என் கணவர்.

“இவ்வளவு நல்லமா இருக்க ஏலாது. அதுதான் பயமாக் கிடக்கு.”

காலையில் நோர்வேக்குப் பேசினேன். திடீரென்று வெயில் அடித்ததாம். பைக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்துவிட்டதாம். வழியில் ஒழுகி எங்கள் மேசையை நாசமாக்கிவிடுமே என்று அதை வடித்துவிட்டு, பையைத் துடைத்து, மறுபடி உறைய வைத்து அனுப்பினாராம். கவனமான மனிதர்.

வடித்த தண்ணீரில்தான் எல்லாம் இருந்தது என்று சொன்னேன். மறுபடி பனி எடுக்கலாமா என்று கேட்டார். அவர் கேட்கும்போதே மலையில் ஓடைகள் ஓடத் தொடங்கிவிட்டன; முதல் தண்ணீர் போய்விட்டது. எதற்கும் தூவிவிடுங்கள் என்று தூளுக்குப் பொறுப்பானவர்களிடம் கெஞ்சினேன். அமிலத்தின் சரியான அளவு தெரியாமல் தூள் தர முடியாது என்றார்கள், மிக மரியாதையாக.

மே மாதம் அவரே அழைத்தார். ஓடை ஏரியில் விழும் இடத்தில் குஞ்சுகள் செத்து ஒதுங்கியிருந்தன. முட்டையிட்ட கிழட்டு மீன்களும் மிதந்தன. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, பையிலிருந்து வடித்ததை ஏரியில்தான் ஊற்றினேன், அதுவா கொன்றது என்று கேட்டார். அந்த ஒரு கோப்பைத் தண்ணீர் ஒன்றும் செய்திருக்காது, மலை முழுவதும் அதுதான் இறங்கியது என்றேன். உண்மைதான். ஆனால் அதில் ஆறுதல் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த குளிர்காலமும் பை அனுப்பவா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். எந்த மீனுக்காக என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.