ங-வில் ஒரு பெயர் சொல்லுங்களேன்

போன வெள்ளிக்கிழமை தோசைக்கல்லில் மாவை ஊற்றிய நேரமாகப் பார்த்து, மாடி வீட்டு சதீஷ் வந்து நின்றார். மூன்று வாரத்துக்கு முன்புதான் அப்பாவானவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்கதான் பத்திரிகையில எழுதறீங்களேக்கா... ங-ல ஆரம்பிக்கற மாதிரி பொம்பளப் புள்ளைக்கு ஒரு பேரு சொல்லுங்க."

குழந்தைக்குத் திருவாதிரை நட்சத்திரம், மூன்றாம் பாதம். அந்தப் பாதத்துக்கு முதல் எழுத்து ங-தான் என்று திருச்செங்கோட்டு ஜோசியர் சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் வைக்கும் விசேஷம்.

சதீஷ் என் பத்தியை ஒரு நாளும் படித்தவரில்லை. இருந்தாலும் 'எழுதுகிறவர்' என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாதே! "இதென்ன பிரமாதம்? சாயங்காலத்துக்குள் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். தோசை தீய்ந்தது.

அகராதியைப் புரட்டினால், ங பக்கம் ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூட சார்ட்டில்கூட ங-வுக்குப் படம் கிடைக்காமல் சங்கைப் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா?

சரி, மற்ற ஊர்களில்? அங்கே ராஜ மரியாதை! தாய்லாந்துக் குழந்தைகள் ங-வைப் பாம்புப் படம் பார்த்துப் படிக்கிறார்கள் — பாம்புக்கு அங்கே 'ஙூ'. வியட்நாமில் தெருவுக்குப் பத்துப் பேருக்குக் குடும்பப் பெயரே இந்த ஒலியில்தான் ஆரம்பிக்கும். பழைய பிராமியில் இது ஒரு பக்கம் திறந்த பெட்டி மாதிரி இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த ஒலிக்குத் தனி எழுத்தே கிடையாது. இரண்டு எழுத்தைக் கூட்டிச் சமாளிக்கிறார்கள்.

நம் பக்கம்? சொல்லின் முதலில் வர விடமாட்டோம். ஆனால் வாங்க, போங்க, ஆமாங்க என்று அது இல்லாமல் நாமக்கல்காரர் ஒரு வாக்கியத்தை முடித்துவிடுவாரா என்ன!

இவ்வளவு ஞானம் வந்தும் பெயர் மட்டும் வரவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்ள மாடி ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. சதீஷின் மனைவி கவிதா தொட்டிலுக்குள் குனிந்து, "சாரல்... சாரல் குட்டி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் மாதம் ஏற்காட்டில் தூறலில் நின்றபோது தோன்றிய பெயராம். அன்றிலிருந்து வயிற்றோடு அப்படித்தான் பேசியிருக்கிறாள். புருஷனிடம் சொல்லலாமே என்றேன்.

"எப்படிங்கக்கா சொல்லுவேன்? பாப்பா நாலு நாள் கண்ணாடிப் பெட்டியில இருந்ததுலருந்தே அவரு பயந்து கெடக்கறாரு. எழுத்து மாத்தி வெச்சு, நாளைக்கி ஏதாச்சும் ஒண்ணுன்னா..."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பினால் வாசலில் காப்பி டம்ளரோடு மாமனார் பெரியண்ணன்! டான்சானியாவில் ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறவர். பிரசவத்துக்காக லீவில் வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தெரியாது.

அதற்குள் சதீஷும் வந்துவிட்டார். பெயர் கிடைக்கவில்லை என்றேன். பெரியண்ணன் நிதானமாக, "எனக்கு ஒண்ணு தெரியுமுங்க. ஙோம்பே" என்றார். சதீஷின் முகம் மலர்ந்தது. அர்த்தம் கேட்டோம்.

"அங்க மாட்டுக்கு அதாங்க பேரு."

கவிதாகூடச் சிரித்துவிட்டாள். சதீஷ் மட்டும் சிரிக்கவில்லை. நவீனா என்ற பெயரை 'ஙவீனா' ஆக்கிவிடப் போவதாக அறிவித்துவிட்டுப் போனார். ஸ்கூலில் அந்தப் பிள்ளையை என்ன பாடு படுத்துவார்கள்!

ஞாயிறு காலை. சொந்தபந்தம் கூடியாயிற்று. காதில் பெயர் சொல்ல சதீஷ் குனியப்போன நேரத்தில், பெரியண்ணன் குறுக்கே வந்தார்.

"இரு சாமி. தப்பு என்னுது. ஆஸ்பத்திரியில பொறந்த நேரத்த நாந்தானே வாட்ச்சப் பாத்துச் சொன்னேன்? இது இன்னும் டான்சானியா நேரந்தான் ஓடுது. நம்மளுக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. இன்னிக்கித்தான் கவனிச்சேன்."

ஜோசியருக்குப் போன் போனது. இரண்டரை மணி நேரம் கூட்டினால் நாலாம் பாதம், எழுத்து ச என்றார். கணக்குப் போட்ட மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு வேகம்.

ச-வில் என்ன வைப்பது? ஆளாளுக்கு முழித்தார்கள். பெரியண்ணன் மருமகளைப் பார்த்தார். "நீ சொல்லு சாமி."

கவிதா சொன்னாள். சதீஷ் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார். இத்தனை நாள் கேட்டுப் பழகிய பெயராயிற்றே... தூங்கிக்கொண்டிருந்த பெண் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் நேரம் இருக்குமே, அதை ஏன் சதீஷ் தேடவில்லை? ஙவீனாவிடமிருந்து தப்பிக்க அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்ததோ என்னவோ.

பெரியண்ணன் சட்டைக் கையை ஏற்றி அதே வாட்ச்சைப் பார்த்தார். "மணி பத்தேகால் ஆச்சு. எல்லாரும் சாப்பிட வாங்க."

என் போனைப் பார்த்தேன். பத்தேகால்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். என் இலையில் மட்டும் இரண்டாவது ஜிலேபி வந்து விழுந்தது.