ஊருக்குப் போன ஒன்பது பிள்ளைகள்

பள்ளிக்கூடத்தில் தொற்றுநோய் பரவாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் என்றால், நோயைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காதவர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைத் தேடிப் போவது. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நர்ஸ். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் தொற்றுத் தடுப்புப் பிரிவில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் பெங்களூருக்குத் திரும்பி, ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஆறு பள்ளிகளை நடத்த உதவும் ஒரு டிரஸ்டில் சேர்ந்தேன். மஸ்கட்டில் என் தலை தெரிந்தால் பெரிய டாக்டர்களே கை கழுவக் குழாயைத் தேடி ஓடுவார்கள். இங்கே என்னைப் பார்த்ததும் ஹெச்.எம். மேடம் காபி சொல்லுவார். குடித்தால் கிளம்பிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை.

என் சொந்தக் கண்டுபிடிப்பு

சேர்ந்த மாதமே போனில் நிரப்பும் ஒரு வருகைப் படிவம் தயார் செய்தேன். பிள்ளை வராவிட்டால் டீச்சர் காரணத்தைத் தட்ட வேண்டும். ‘உடம்பு சரியில்லை’ என்று தட்டினால் கட்டம் சிவப்பாகும். அன்றைக்கே பத்து வரி விளக்கம் எழுதியாக வேண்டும். ‘ஊர்’ என்று தட்டினால் சாம்பல் நிறம், விளக்கம் வேண்டாம். மாலையானால் படிவம் பூட்டிக்கொள்ளும், யாரும் பின்னால் திருத்த முடியாது. டிரஸ்டில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறில் ஒன்றான, பழைய கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் இரண்டு மாதம் ஒரு சிவப்புகூட இல்லை. மழைக்காலம் வேறு. ஹெச்.எம். மேடம் காபியை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார்:

“உங்க ஃபார்ம் வந்தப்புறம் எங்க ஸ்கூல்ல யாருக்கும் ஜொரமே வர்றதில்ல சிஸ்டர்!”

எந்த ஊர்?

ஒரு புதன்கிழமை பார்க்கிறேன், நான்காம் வகுப்பில் ஒன்பது பேருக்கு ‘ஊர்’. திங்களிலிருந்து. பண்டிகை இல்லை, கல்யாண மாதமும் இல்லை. வகுப்பு டீச்சர் ஜெசிந்தா கோலார் தங்கவயல் பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி. “எந்த ஊருக்கு ஜெசிந்தா, ஒம்பது பேரும் ஒரே பஸ்ஸிலயா?” என்றேன். அவள் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்குப் பின்னால் இரண்டாவது சந்திலேயே பதில் இருந்தது. வாசலுக்கு வாசல் வேப்பிலைக் கொத்து. சின்னம்மை. ஒரு வீட்டில் செல்வி என்ற அம்மா, பீன்யா கார்மென்ட்ஸ் வேலைக்கு ரஜா போட்டுவிட்டு மகளோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தைக்குத் தனிப் பாய், தனித் தட்டு. கொப்புளம் காய்ந்து, வேப்பிலைத் தண்ணீர் மூன்று முறை ஊற்றி முடியும்வரை வெளியாள் உள்ளே வரக்கூடாது, குழந்தை வாசல் தாண்டக்கூடாது. மஸ்கட்டில் இதைச் செய்யவைக்க நான் கமிட்டி போட்டுக் கத்தியிருக்கிறேன். செல்வி வீட்டுச் சுவரிலோ எங்கள் டிரஸ்ட் போஸ்டர்: ‘அம்மை தெய்வம் அல்ல, மூடநம்பிக்கையை ஒழிப்போம்.’ வாசகம் அடியேன் எழுதியது. ஒரு காலை உள்ளே வைக்கப் போனேன்.

“அங்கியே நில்லுக்கா! மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் ஆரும் வரக்கூடாது. இத்தினி வருசம் ஆஸ்பத்திரில இருந்தியாமே, இதுகூட சொல்லித் தரலியா?”

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள்

அன்றைக்கே மூன்று காரியம் செய்தேன். சுகாதார மையத்துக்குக் கைப்படக் கடிதம் கொடுத்தேன். ஜெசிந்தாவை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சின்ன வயதில் அம்மை வந்ததா என்று அவளுக்கே தெரியாது. வராதிருந்தால் இப்போது வருவது அவளுக்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. மூன்றாவதாக ஹெச்.எம்.மிடம், ரிசல்ட் வரும்வரை ஜெசிந்தா வகுப்புக்குப் போகவே கூடாது, ஆபீஸில் உட்கார வையுங்கள் என்றேன். தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை வைட்ஃபீல்டிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கை கழுவக் கற்றுக்கொடுக்க வருகிறார்களாம். தலைக்கு ஒரு சோப்பு, எண்ணிக்கை குறையக்கூடாது. வியாழக்கிழமை பூராவும் வீடுகளுக்குப் போன் போயிருக்கிறது. ‘வராத பிள்ளைக்கு சோப்பும் கிடையாது, ஷூவும் கிடையாது.’ முதல் தண்ணீர்கூட ஊற்றாமல் ஐந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள், செல்வியின் மகள் உட்பட. நான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தபோது ஐந்து முகத்திலும் கொப்புளத்தின் மேல் அப்பின பவுடர். வரிசையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று சோப்பு நுரைப் பாட்டுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். டீ-ஷர்ட் போட்ட ஒருத்தி, “வாவ், பசங்க எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்காங்க!” என்று செல்ஃபி எடுத்தாள்.

பிள்ளைகளைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆபீஸுக்குள் நுழைந்தேன். மேஜையில் பவுடர் டப்பா. ஜெசிந்தாவின் பத்து விரலும் வெள்ளை. நான் கத்த ஆரம்பிக்கும் முன்னாலேயே ஹெச்.எம். முந்திக்கொண்டார்:

“நீங்க சொன்ன மாதிரி கிளாஸுக்கு அனுப்பவே இல்ல சிஸ்டர், இங்கதான் ஒக்கார வெச்சு பவுடர் போடச் சொன்னேன்!”

பத்து வரி

சாயந்திரம் ரிசல்ட் வந்தது. எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை. தங்கவயலில் இருக்கும் அவள் அம்மாவைப் போனில் பிடித்தோம். “அம்மை வந்தது இவ அக்காவுக்குத்தாம்மா. இவள அப்பவே சித்தி வூட்டுக்கு அனுப்பிட்டோம்” என்றார். அதற்கென்று ஒரு ஊசி உண்டு, அம்மை கண்ட பிள்ளைகளோடு பழகிய முதல் நாளிலிருந்து பத்து நாளுக்குள் போட வேண்டும். அந்தப் பத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டு நாள் நகரம் முழுக்க அலைந்து ஒரு ஆஸ்பத்திரியில் பிடித்துப் போட்டோம். போட்டாலும் உத்தரவாதம் கிடையாது. அம்மை வருகிறதா என்று இருபத்தெட்டு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும்.

ஊசி போட்டு உட்கார்ந்திருந்தவளிடம் பொறுக்காமல் கேட்டேன்: “உன் வகுப்பு, உன் வயிறு. அம்மைன்னு தெரிஞ்சும் ‘ஊர்’னு ஏன் தட்டினே?” முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“செவப்பு தட்டினா பத்து வரி இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுதே ஒங்க ஃபார்ம். ஒங்களுக்கு ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு. எனக்கு ஒரு புள்ளைக்குப் பத்து வரின்னா, ஒம்பது புள்ளைக்கு எப்ப சிஸ்டர் நான் பாடம் நடத்தறது?”

இருபத்தெட்டு நாள்

அந்த நாட்களில் டிரஸ்டில் மீட்டிங் போட்டேன். படிவத்தை மாற்றுவோம், விளக்கத்தை எடுத்துவிடுவோம், தமிழிலும் கன்னடத்திலும் வைப்போம் என்றேன். மேனேஜர் பையன் சிவப்பே இல்லாத திரையைக் காட்டி, இதைப் பார்த்துத்தானே நன்கொடை தருகிறார்கள், இதில் ஏன் கை வைக்க வேண்டும் என்றான். ஹெச்.எம். போன் செய்து, ஜெசிந்தா எப்போது வருவாள், பரீட்சை நெருங்குகிறதே என்றார். அவள் எப்படி இருக்கிறாள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

நான் தினமும் காலையில் கேட்டேன். ஜெசிந்தாவின் புருஷன் ஆட்டோ எடுப்பதற்கு முன் போன் டார்ச் அடித்து அவள் முதுகு, கழுத்து, காது மடல் பின்புறம் எல்லாம் பார்ப்பானாம். பதினெட்டாம் நாள் லேசான ஜுரம்; அன்று நான் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் தணிந்துவிட்டது. இருபத்தெட்டாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர், முதுகுல ஒரு கொசுக்கடிதான். அதப் பாத்துட்டே இந்த ஆளு குந்திக்கினு அழுவறாரு, நீங்களே கொஞ்சம் சொல்லுங்க!”

அந்த மாதத்தின் நோயில்லாப் பள்ளி என்று டிரஸ்ட் எங்கள் பள்ளிக்குத்தான் கேடயம் கொடுத்தது, அதைத் தேர்ந்தெடுத்தது என் படிவம்.