பாண்காரரிடம் எடுத்த சுதி

நான் செய்த கிட்டாருக்கு நாலு தந்திதான். ஆறு முறுக்காணி பூட்டக் கழுத்துப் பலகையில் இடம் காணவில்லை. உடம்பு, தேயிலைப் பெட்டிப் பலகை. அதை வைத்துக்கொண்டு நத்தாருக்குக் கோவில் பாடகர் குழுவில் இடம் பிடிப்பதென்று தீர்மானித்திருந்தேன். போன நத்தாருக்குப் போட்ட யேசு பிறப்பு நாடகத்தில் நான் ஆடு. எங்கள் வீட்டில் முதன்முதல் ஏ.எல். வரை போனவன், மாட்டுக்கொட்டிலில் நாலு காலில் நின்றேன். இந்த முறையும் அதே தோல் தயாராக இருந்தது.

முதலில் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துப் பூட்டினேன். விரலை வெட்டியது. சத்தமோ காதுக்குள் நுளம்பு இரைகிற சத்தம். பிறகுதான் அப்பா மீன்பிடிக்கும் தங்கூசி நூலில் கைவைத்தேன், மொத்தத்திலிருந்து மெல்லிசு வரை நாலு விதம்.

"அது பாரை பிடிக்கிற தங்கூசி. அதில நீ என்னடா பிடிக்கப் போறாய்?" என்றார் அப்பா.

"சுதி."

"பிடிச்சால் குசினியில அம்மாட்டக் கொண்டுபோய்க் குடு, சமைக்கட்டும்."

சுதி பார்க்கக் கோவில் ஆர்மோனியம் கிடைக்காது. அது பாட்டுப் பழக்கும் சிஸ்டரின் அலுமாரிக்குள். ஊரில் ஒருநாளும் மாறாத சத்தம் ஒன்றுதான் இருந்தது, பின்னேரம் பேக்கரிப் பாண் கொண்டுவரும் நானாவின் சைக்கிள் ஹோர்ன். பௌதிகப் புத்தகத்தில் படித்தபடி மொத்தத் தந்தியில் மடித்த கடதாசித் துண்டை ஏற்றிவைத்தேன். ஹோர்னும் தந்தியும் ஒத்துப்போனால் துண்டு துள்ளி விழவேண்டும். அதற்குப் பெயர் பரிவு.

"நானா, ஒருக்கா அடியுங்கோ."

அடித்தார். கடதாசி பறந்தது.

"பரிவு, நானா" என்றேன்.

"பரிவு இல்ல தம்பி, காத்து. ஹோர்ன்ட வாய் பெட்டிக்கு நேர கிடக்கு."

ஹோர்னை மறுபக்கம் திருப்பி அடித்துக்கொண்டேயிருந்தார். நான் முறுக்கிக்கொண்டேயிருந்தேன். ஒழுங்கையிலிருந்த பெண்கள் எல்லாரும் படலைக்கு வந்துவிட்டார்கள்.

"நானா, ஒரு றாத்தல் பாண் தாங்கோ."

"கொஞ்சம் பொறுங்க. தம்பிட பெட்டிக்குச் சுகமில்ல."

கடைசியில் துண்டு துள்ளி விழுந்தது. அந்தத் தந்தியை மூன்றில் இரண்டு பங்கில் அழுத்தி, வந்த சத்தத்துக்கு அடுத்ததை முறுக்கினேன். அப்படியே நாலும்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பழக்கத்தில் சிஸ்டர் ஆர்மோனியத்தை அமத்தினார். நான் மீட்டினேன். பொடியள் சிரித்தார்கள்.

"உது ரெண்டு கட்டைக்கும் நடுவில நிக்குது. எங்க எடுத்தனீர் இந்தச் சுதியை?"

"பாண்காரரிட்ட, சிஸ்டர்."

அவர் ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பார்த்தார். நான் முறுக்கியபடியே நின்ற மூன்றும் பிழை. வரும் வழியில் ஆணி வழுக்கி இளகிப்போன மூன்றாவது மட்டும் ஆர்மோனியத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது.

"மற்றதுகளையும் இப்பவே இளக்கிறன், சிஸ்டர்."

"வேண்டாம். ஒண்டைத் தொட்டால் கழுத்து வளைஞ்சு மற்றதும் போயிடும். மூண்டாவதை மட்டும் அடியும். அதுவும் நான் தலையாட்டேக்க மட்டும்."

"அப்ப ஆடு?"

"ஆட்டுக்கு வேற ஆளைப் பாப்பம்."

நத்தார்ப் பூசையில் முன்வரிசையில் கிட்டாரோடு இருந்தேன். பாட்டு முழுக்கச் சிஸ்டரின் தலையையே பார்த்திருந்து, அது ஆடும்போதெல்லாம் ஒரு தட்டு.

பூசை முடிந்ததும் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"சிஸ்டர் மற்றப் பிள்ளையளைத் திரும்பியும் பாக்கேல்ல. உன்னைத்தான் பாத்துப் பாத்துத் தலையாட்டினவா. உன்ர வாசிப்பு அவாக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சுது போல."

"ஓமம்மா" என்றேன்.