ஒற்றைக்கண் தில்லைநாயகமும் கரைகாத்த அம்மனும்

மேலகரத்துத் தில்லைநாயகத்துக்கு ‘ஒத்தைக்கண்ணு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இத்தனைக்கும் அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். பக்கத்து வயலில் ஒரு கதிர் கூடுதலாக முற்றினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினால் கர்ணன் தோற்றான். அது அவர் வீட்டுச் சாம்பார் இல்லையே!

குற்றாலத்து மலையடிவாரத்தில் ஓர் ஓடையை ஒட்டி அவர் வயல். அதற்குக் கீழே வல்லிநாயகத்தின் வயலும் வீடும். சாரல் காலத்தில் ஓடைத் தண்ணீர் இவருக்குப் போக மிச்சம் அங்கே போகும். அதைப் பார்க்கப் பார்க்க இவருக்கு வயிறு எரியும். சர்க்கார் அப்போது மணிமுத்தாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஏறிப் போய் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வந்தார். மறு கோடையிலேயே ஓடைக்குக் குறுக்கே களிமண்ணைக் கொட்டி, மாடுகளை விட்டு மிதிக்கச் செய்து, சொந்தமாக ஒரு மண்ணணை எழுப்பிவிட்டார். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. மாலையில் போய்க் கரையைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவார்.

அருமையான அணைதான். நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு மட்டும் இல்லை. கலுங்கு வைத்தால் வழிவது வல்லிநாயகத்துக்குப் போய்விடுமே!

இனி ஒரே பயம், அந்த வல்லிநாயகம் மம்பட்டியோடு வந்து கரையை வெட்டிவிட்டால் என்ன செய்வது? கரை நடுவில் ஒரு கறையான் புற்று கிளம்பியிருந்தது. தில்லைநாயகம் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். “கரைகாத்த அம்மன் என் கனவுல வந்தா. கரையில கைவச்சவன் கண்ணு போயிரும்னு சொல்லுதா” என்று டீக்கடையில் அவிழ்த்துவிட்டார். அம்மனும் வரவில்லை, கனவும் வரவில்லை. அன்றைக்கு மூட்டைப்பூச்சிக் கடியில் மனிதர் தூங்கவே இல்லை.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவர் புற்றுக்கோ பாலும் முட்டையும் குவிந்தன. செவ்வாய், வெள்ளி பூசைக்கு அவர் மனைவி உலகம்மாள்தான் தலைமை. எல்லோருக்கும் மேலான பக்தன் வல்லிநாயகம். தினமும் ஒரு முட்டையை வைத்துவிட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பான். ‘பய நல்லாப் பயந்துட்டான்’ என்று தில்லைநாயகத்துக்கு ஒரே பூரிப்பு.

முட்டைக்குப் பெருச்சாளிகள் வந்தன. வந்தவை கரையிலேயே வளை தோண்டிக் குடித்தனம் நடத்தின.

அந்த ஆண்டு குற்றாலத்தில் குளிக்க வந்த அணைக்கட்டு ஓவர்சியர் முகம்மது இஸ்மாயிலை, அவர் தலையில் தேய்த்த எண்ணெயோடு அப்படியே தில்லைநாயகம் இழுத்துக்கொண்டு வந்து தம் அணையைக் காட்டினார். கரையின் பின்பக்கம் கசிவைப் பார்த்ததும் ஓவர்சியர் முகம் மாறியது.

“அண்ணாச்சி, கசியுத தண்ணி தெளிவா இருந்தா கண்காணிச்சுக்கிடலாம். கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். இந்தப் புத்தைத் தோண்டி எடுத்து, வளையெல்லாம் களிமண் வச்சு இடிச்சு அடைங்க. மொதல்ல ஒரு கலுங்கு வைங்க. இல்லைன்னா கீழ இருக்க வீடு தாங்காது.”

தில்லைநாயகம் கரையையும் கீழே இருந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளை போகும், போகிற போக்கில் வல்லிநாயகத்தின் வீட்டையும் வாரிக்கொண்டு போகும். ஆனால் புற்றில் மம்பட்டி போட ஓர் ஆள் வரவேண்டுமே! கண் யாருக்கு வேண்டாம்?

மறுபடியும் கனவு கண்டார். “ஏட்டி, அம்மனுக்குப் புத்தை விட்டுட்டு ஆலமரத்தடிக்குப் போகணுமாம்.”

“எங்கிட்டயும் வந்தாளே,” என்றாள் உலகம்மாள். “‘உம் புருசன் ஏதாச்சும் சொல்லுவான், நம்பாதே’ன்னுட்டுப் போனா.”

வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினார். “அம்மனும் இல்ல, கிம்மனும் இல்ல. நாந்தான் பொய் சொன்னேன்.”

“அந்தப் பொய்யைச் சொல்ல வச்சது யாரு? அவதான். காப்பிக்குச் சீனி போடவே ரெண்டு தடவை யோசிக்கிற மனுசருக்கு இவ்வளவு பெரிய பொய் சுயமா வருமா?”

தில்லைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்க்கப் போனார்.

சாரல் மழையாக வலுத்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கசிவு செம்மண் நிறத்தில் குபுகுபுவென்று வந்தது. தண்ணீரோ கரையின் தலையைத் தொட இன்னும் ஒரு சாண்தான். தில்லைநாயகம் மம்பட்டியோடு கரையின் கோடிக்கு ஓடினார். அங்கே அடியில் பாறை, வெட்டினாலும் அரிக்காது. ஓங்கிய கை நின்றுவிட்டது. கரையில் கைவைத்தவன் கண்ணு போயிரும்! தாம் கட்டிய கதைதான், ஆனாலும் ஒருவேளை? ஒன்றாவது மிஞ்சட்டும் என்று இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார்.

அந்தக் கோலத்தில்தான் முட்டையோடு வந்த வல்லிநாயகம் அவரைப் பார்த்தான். ‘ஒத்தைக்கண்ணு’ பிறந்தது அன்றைக்குத்தான். இரண்டு பேர் வயலுக்கும் நடுவே பாறை மேல் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கிக் கீழ் வயலுக்குப் பாய்ந்தது. அணையில் மட்டம் குறையக் குறையக் கசிவும் அடங்கியது. கரை நின்றுவிட்டது. வல்லிநாயகம் புற்றின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“தெனம் ஒரு முட்டை வச்சு இதைத்தானே கேட்டேன் தாயே! அண்ணாச்சி கையாலயே எனக்குத் தண்ணி வரணும்னு!”

தில்லைநாயகம் மெல்ல இடது கண்ணைத் திறந்தார். தெரிந்தது. தம் தண்ணீர் அவன் வயலில் பாய்வதும் தெரிந்தது. வயிறு எரியவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

மறுநாள் உலகம்மாள் ஊரைக் கூட்டினாள். அம்மன் கனவில் வந்தாளாம். வந்த வேலை முடிந்தது, ஆலமரத்தடிக்குப் போகிறேன் என்றாளாம். பொழுது சாய்வதற்குள் ஆட்கள் புற்றை எடுத்துவிட்டு, வளைகளைத் தோண்டிக் களிமண்ணால் இடித்து அடைத்துவிட்டார்கள்.

“ஏட்டி, நெசமாவே ஒனக்குக் கனவு வந்துதா?” என்று தில்லைநாயகம் காதோடு காதாகக் கேட்டார்.

“வந்துதே,” என்றாள் உலகம்மாள். “ஒங்களுக்கு வந்த மாதிரியே.”

தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். கலுங்குக்குக் கல் அடுக்கப் போய்விட்டார்.