உரமில்லாப் பாத்தி

நாற்பத்தொரு வயதில் விவசாயப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கப் போனவளை வகுப்பில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன் பதினெட்டு வருடம் விதைப் பரிசோதனை நிலையத்தில் முளை எண்ணிக்கொண்டிருந்தாள். பட்டம் இருந்தால்தான் பதவி உயர்வு என்று ஆன பிறகு, மூன்று முறை மனுப் போட்டு இரண்டு வருடப் படிப்பு விடுப்பு வாங்கினாள். ஒரு நாள்கூட நீட்டிக்கப்படாது என்ற வரிக்கு உத்தரவிலேயே அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

எதையும் இரண்டு தடவை எண்ணாமல் நம்பாத குணம் அவளுக்கு. கடைக்காரர் எண்ணிக் கொடுத்த முட்டையை வீட்டில் மறுபடி எண்ணுவாள். பல் தேய்த்தாச்சு என்று மகள் சொன்னால் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

வெண்டைக்கு எவ்வளவு யூரியா போதும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மொத்தம் இருபது பாத்தி. பதினாறில் நான்கு விதமான அளவுகள். மீதி நான்குக்கு உரம் என்ற பேச்சே கிடையாது. அந்த நான்கும் பட்டினி கிடந்தால்தான் மற்றவை சாப்பிட்டதற்குக் கணக்கு. வாரம் ஒருமுறை, இலையைக் கிளிப் மாதிரி கவ்விப் பச்சையம் அளக்கும் கருவியோடு வரப்பில் குந்துவாள்.

ஆறாவது வாரம் வரை உரமில்லாப் பாத்திகளின் எண் ஒழுங்காக இறங்கி வந்தது. ஏழாவது வாரம் இருபத்தொன்பதிலிருந்து முப்பத்தெட்டுக்கு ஏறி நின்றது.

முதலில் கருவியைச் சந்தேகப்பட்டாள். வேறொரு கருவியை இரவல் வாங்கி வந்து அளந்தாள். அதுவும் முப்பத்தெட்டு என்றது. பக்கத்துப் பாத்தியின் உரம் தண்ணீரோடு வந்திருக்குமோ என்று வரப்பு வரப்பாகத் தடவிப் பார்த்தாள். ஓர் உடைப்பும் இல்லை. யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

பக்கத்து நிலத்தில் தக்காளி வைத்திருந்த வகுப்புத் தோழன்மேல் கண் போனது. சட்டைப் பையில் எப்போதும் எஃகு ஸ்கேல் வைத்திருப்பதால் அவனுக்கு அளவுகோல் என்று பெயர். இரண்டு நாள் அவன் பின்னாலேயே போய்க் கவனித்தாள். மூன்றாம் நாள் கேட்டே விட்டாள்.

"தம்பி, என் பாத்தியில உனக்கு என்ன வேலை?"

"அக்கா, என் செடிக்கே உரம் போட மறந்து மேடம்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான். உங்க செடிக்கு வந்து போடப் போறேனா?" அவன் பாத்திக்குள் குனிந்தான். "இங்க பாருங்க, காஞ்ச சேத்துல செருப்புத் தடம். இருபத்தெட்டரை சென்டிமீட்டர். என் செருப்பு இருபத்தஞ்சுதான், வேணும்னா அளந்துக்கங்க."

காவலாளி பூட்ஸ் போடுபவர். களை எடுக்கும் பெண்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள். தடத்தின் குதிகாலில் மூன்று ஆணித்தலைகள் பதிந்திருந்தன. அளவுகோலிடம் ஸ்கேலை மட்டும் கடன் வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கணவனின் செருப்பைக் கவிழ்த்துப் போட்டு அளந்தாள். இருபத்தெட்டரை. மூன்று ஆணி. மறுபடியும் அளந்தாள்.

கணவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் வராததால் தண்ணீர் பாய்ச்ச அவன்தான் கூட வருவான். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, நான் லேப்ல எழுதிக்கிட்டிருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"என்னம்மா, ஸ்டேஷன்ல வச்சுக் கேக்குற மாதிரி கேக்குற?"

"செருப்ப அளந்துட்டுத்தான் கேக்குறேன்."

அவன் கை தட்டிலேயே நின்றது. "மஞ்சளாக் கெடந்துச்சேன்னு... உங்க மேடம் பார்த்தா உனக்குத்தானே மார்க்கக் கொறைப்பாங்க. கொட்டகையில யூரியா மூட்டை திறந்திருந்துச்சு. பிளாஸ்க் மூடியில ரெண்டு ரெண்டு மூடி."

"அது மஞ்சளாத்தாங்க இருக்கணும்!"

"செடி வாடுறதப் பாக்கறதுக்கா ரெண்டு வருஷம் லீவு?"

அவள் சிரிக்கவில்லை. "வேற எந்தப் பாத்திக்காவது போட்டீங்களா?"

"இல்ல."

"நிஜமா?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் நேரம் கடத்தினான். "ஓரத்துல இன்னும் கொஞ்சம் வெளுத்துச்சு. அதுக்கு ஒரு மூடி. எந்தெந்தப் பாத்தின்னு ஞாபகமில்ல." பிறகு தாழ்ந்த குரலில், "போன வாரத்து நம்பரையே எழுதிடேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

இனி இருபது பாத்தியிலும் எந்த எண்ணை நம்புவது? விடுப்பில் மிச்சம் நூற்றுப் பதினாறு நாள்.

மறுநாள் காலை அவனையும் அழைத்துக்கொண்டு பேராசிரியை அறைக்குப் போனாள். அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கணக்கு சரியா வராதவங்க எல்லாம் யாரையாவது சாட்சிக்குக் கூட்டிட்டு வருவாங்க. இதுவரைக்கும் புருஷன யாரும் கூட்டிட்டு வந்ததில்ல." மேசையில் இருந்த தராசின்மேல் ஒரு காகிதத்தை விரித்து, யூரியாவும் அந்தப் பிளாஸ்க் மூடியும் கொண்டுவரச் சொன்னார். "எப்படிப் போட்டீங்களோ அப்படியே கொட்டுங்க."

அவன் இரண்டு மூடி கொட்டினான். தராசு தொண்ணூற்றாறு கிராம் காட்டியது. பேராசிரியை பச்சைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"பொருந்துது. இந்த இருபதும் வீண். எல்லாத்தையும் பிடுங்கிட்டு, உரம் படாத வடக்கு நிலத்துல இந்த வாரமே விதைச்சா எழுபத்தஞ்சு நாள்ல காய் எடுத்துடலாம். எழுதறதுக்கு ஒரு மாசம் கிடைச்சா அதிர்ஷ்டம். முடியுமா?"

"முடியும் மேடம். ஆனா அந்த நிலத்துக் கதவுக்குப் பூட்டு வேணும்."

"சாவி?"

"எங்கிட்ட மட்டும்."

வெளியே வந்ததும் கணவன் வண்டியைக் கிளப்பாமல் நின்றான். "பிடுங்குறதுக்காவது நான் வரலாமா?"

"வாங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க. பிளாஸ்க் பையையும் வெளியவே வச்சுடுங்க."

"வீட்டுச் சாவியாவது எங்கிட்ட இருக்கட்டுமா?"

"அதை அப்புறம் பாக்கலாம்," என்று எதிரே இருந்த நிலத்துக்கு நடந்து, முதல் செடியைப் பிடுங்கப் பாத்தியில் இறங்கினாள்.