சான்றிதழ் ஃபைலோடு பெண் கேட்கப் போனேன்

கிள்ளானில் எங்கள் இளைஞர் மன்றம் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டது. அதில் நாயகி, மாவட்ட அதிகாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடை பழுதுபார்க்க வந்தவனிடம் பார்த்த நிமிடமே மனதைக் கொடுத்துவிடுவாள். எனக்கு அது ஒப்பவில்லை. பந்திங் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவரின் மகன் நான். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள். ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. எதற்கும் காரணம் வேண்டும் எனக்கு.

“அவன்கிட்ட என்ன இருக்குன்னு இவ விரும்புறா?” என்று ஒத்திகையில் கேட்டேன்.

நாயகனாக நடித்த லோரிக்காரன் சிரித்தான். “காதலுக்கு இன்டர்வியூ வைக்கிறியா? உன் வேலைய பாரு லா.”

என் வேலை, திரை ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது. நாயகியாக நடித்தவள் பிரிக்ஃபீல்ட்ஸ் பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவளை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மட்டும் நான் காரணம் கேட்கவில்லை.

நாடகத்தன்று லோரிக்காரன் வசனத்தை மறந்து நின்றான். பதற்றத்தில், அடைப்புக்குறிக்குள் இருந்த நடிப்புக் குறிப்பையும் சேர்த்து வாசித்துவிட்டேன். அவனும் மண்டபம் அதிர, “தலையைச் சொறிந்தபடி! கண்ணே, உன் குடையைக் கொடு!” என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

இனி என்னைக் காப்பாற்றச் சான்றிதழ்களால்தான் முடியும். அடுத்த ஞாயிறு அவற்றை ஃபைலில் அடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அப்பா ஃபைலைப் பார்த்தார். “என்ன தம்பி, வேலை கேட்டோ வந்தனீர்?”

“இல்லைங்க. உங்க மகளக் கேட்டு வந்தேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முத்திரை முதற்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். “கணக்கில கொஞ்சம் குறைவு.”

உள்ளேயிருந்து அவள் வந்தாள். “அதை மூடுங்கோ அப்பா. நான் அதைப் பாத்து விரும்பேல்லை.”

“அப்ப எதைப் பாத்தனீ?”

“தலையைச் சொறிந்தபடி!” என்றவள், சிரிப்பு தாங்காமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்போது உண்மையிலேயே தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

“சரி, உம்மடை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்” என்றார்.

கேட் வரை அவள் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் ஒரு துளி படாமல் காத்த ஃபைலை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தேன்.

“ஐயோ, சர்டிபிகேட் நனையுது!” என்றாள்.

“நனையட்டும்” என்றேன்.